கள்ளத் துப்பாக்கி எங்கே பிறக்கிறது?

(உடையார்பாளையத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கழனியிலிருந்து நேராக, காலில் ஒட்டிய சேறு காயாமல் வந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளிலிருந்து ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருக்கும் தோழர்களையும் பார்க்கிறேன். தறியை நிறுத்திவிட்டு வந்த நெசவாளத் தோழர்களும் இருக்கிறார்கள். தறி நின்றால் கூலி நிற்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற வாரம் நம் படிப்பகத்தில் ஒரு வாக்குவாதம் மூண்டது. வெளிநாட்டில் பள்ளிப் பிள்ளைகளை ஒருவன் சுட்டுத் தள்ளிய பழைய செய்தி ஒன்றை யாரோ வாசித்துவிட்டார்கள். உடனே ஒரு சிமெண்ட் ஆலைத் தோழர் எழுந்தார். "அந்த மாதிரி துப்பாக்கியைத் தடை செய்து என்ன பயன்? சட்டத்துக்குப் பயப்படுகிறவன் துப்பாக்கியை ஒப்படைத்துவிடுவான். கொள்ளைக்காரன் ஒப்படைப்பானா? கஞ்சாவுக்குத் தடை இருக்கிறது. கிடைக்காமலா போய்விட்டது?" என்று கேட்டார். எதிரில் இருந்த விவசாயத் தோழர் ஒருவர், "அப்படியானால் கொலைக்கும் சட்டம் வேண்டாமா? கொலைகாரன்தான் சட்டத்தை மதிப்பதில்லையே!" என்று திருப்பிக் கேட்டார். இரண்டு பேரும் லேசுப்பட்டவர்கள் அல்ல. அன்று இரவு விளக்கணைக்கும் வரை அது முடியவில்லை. என்னைப் பேசச் சொன்னார்கள்.

இது நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம்மில் யாரிடம் துப்பாக்கி இருக்கிறது? கதிர் அரிவாள் இருக்கிறது, மண்வெட்டி இருக்கிறது. ஆனால் தோழர்களே, துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதை எந்தக் காலத்திலும் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அது கையில் இல்லாதவர்கள்தான். ஏனென்றால் அதன் வாய் நம் பக்கமாகத்தான் திரும்பியிருக்கிறது.

முதலில் அந்தக் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. பச்சைமலைப் பக்கம் போய் வந்தவர்கள் நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்ட வேண்டும், நாரை வைத்துக் குச்சியால் இடிக்க வேண்டும், ரவையைப் போட வேண்டும், மறுபடி இடிக்க வேண்டும். ஒரு வெடி வெடித்தால் அடுத்த வெடிக்குள் ஒரு பீடியைப் பற்றவைத்துவிடலாம். இது ஒரு ரகம். போல்ட் இழுத்துச் சுடும் ரைபிள் அடுத்த ரகம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கை ஒரு தடவை பின்னால் போய் முன்னால் வர வேண்டும். மூன்றாவதுதான் நாம் பேச வந்த பாதி தானியங்கி. ஒரு தோட்டா வெடித்ததும் அந்த வெடிப்பின் வாயுவே காலிக் கூட்டை வெளியே தள்ளி, ஸ்பிரிங்கை அமுக்கி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். சுடுகிறவன் விரலை மட்டும் அமுக்கி விட்டால் போதும். அமுக்கிய விரலை எடுக்காமலே குண்டு பொழிந்தால் அது முழுத் தானியங்கி.

நம் போலீசார் நெடுங்காலம் தோளில் மாட்டி வந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கி இந்தப் பாதி தானியங்கி ரகம்தான். வங்காளத்து இஷாப்பூரில் சர்க்கார் தொழிற்சாலையில் செய்தது. ஒரு மேகசினில் 20 தோட்டா. ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் கையில் இருந்தவற்றில் ஒன்று நம் எஸ்.எல்.ஆருக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஒரு சிற்றுண்டிச் சாலைக்குள் புகுந்து சுட்டபோது முதல் 12 பேர் சாவதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நாட்டுத் துப்பாக்கிக்காரன் அந்த நேரத்தில் மருந்தைக்கூட இடித்து முடித்திருக்க மாட்டான்.

இனி, சிமெண்ட் ஆலைத் தோழரின் கேள்விக்கு வருகிறேன். தடை போட்டால் குற்றவாளிக்குக் கிடைக்காமல் போகுமா?

நான் ஒரு கேள்வி கேட்கிறேன். ரேஷன் அரிசியைக் கடத்துகிறவன் அந்த அரிசியை எங்கே விளைவிக்கிறான்? எங்கும் விளைவிப்பதில்லை. அது சர்க்கார் குடோனில் இருந்த அரிசி. கணக்கில் ஏறிய அரிசி. குடோனுக்கும் கடைக்கும் நடுவே எங்கோ சாக்கு ஓட்டையாகிறது. கள்ளச் சந்தைக்குச் சரக்கு ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. (ஒரே ஒரு தடவை உண்மையாகவே விழுந்தது. 1995 டிசம்பர் 17 இரவு, வங்காளத்துப் புருலியா ஜில்லாவில் ஒரு விமானம் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் பெட்டி பெட்டியாகக் கொட்டிவிட்டுப் போயிற்று. அதை விதிவிலக்காக வைத்துக்கொள்வோம்.) ஃபாக்டரியில் செய்த எந்தத் துப்பாக்கியும் பிறக்கும்போது கள்ளத் துப்பாக்கியாகப் பிறப்பதில்லை. அதற்கு நம்பர் இருந்தது, பில் இருந்தது, உடைமைக்காரன் இருந்தான். பிறகு திருடு போயிற்று, அல்லது விற்கப்பட்டது, அல்லது காணாமல் போனதாகக் கணக்கு எழுதப்பட்டது.

லேத்தில் வேலை பார்த்த தோழர்கள் சொல்லட்டும். கிராமத்துப் பட்டறையில் ஒரு இரும்புக் குழாயை வைத்து ஒற்றைக் குழல் துப்பாக்கி செய்துவிடலாம். அது வெடித்தால் எதிரில் இருப்பவனுக்கு ஆபத்தா, பிடித்திருப்பவனுக்கு ஆபத்தா என்று சொல்ல முடியாது, ஆனாலும் செய்துவிடலாம். வாயு போகும் சிலிண்டர், அதன் பிஸ்டன், நூலிழை பிசகாமல் உட்கார வேண்டிய போல்ட், நூற்றுக்கணக்கான வெடிப்பைத் தாங்க வேண்டிய ஸ்பிரிங், இவை பட்டறைத் துருத்தியில் நடக்கிற காரியமா? பீகாரில் முங்கேர் என்ற ஊர் இருக்கிறது. பரம்பரை பரம்பரையாகத் துப்பாக்கி செய்கிற கைவினைஞர்களின் ஊர். கள்ளக் கைத்துப்பாக்கிகள், அதிலும் தானாகத் தோட்டா ஏறுகிற பிஸ்டல்கள்கூட அங்கே செய்கிறார்கள். பொய் சொல்ல நான் வரவில்லை. அந்த வகையில் சிமெண்ட் ஆலைத் தோழர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே முங்கேரில் 2018-ல் போலீசார் சோதனை போட்டபோது ஒரு கிராமத்தில் கிணற்றிலிருந்தும் மண்ணுக்கடியிலிருந்தும் சுமார் இருபது ஏ.கே. 47 துப்பாக்கிகள் கிடைத்தன. அவற்றை முங்கேர்க் கைவினைஞர்கள் செய்தார்களா? இல்லை. ஜபல்பூரில் உள்ள ராணுவ ஆயுதக் கிடங்கிலிருந்து உள்ளாட்களின் கைவழியாக வெளியே வந்தவை அவை. துப்பாக்கி செய்வதையே குலத்தொழிலாகக் கொண்ட ஊர்க்காரனுக்கே ரைபிள் வேண்டுமென்றால் சர்க்கார் கிடங்குக்குத்தான் கை நீட்ட வேண்டியிருக்கிறது!

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. காட்டில் வீரப்பன் கும்பல் தொடங்கியது நாட்டுத் துப்பாக்கியோடுதான். 1992-ல் கர்நாடகத்து ராமாபுரம் போலீஸ் ஸ்டேஷனைத் தாக்கி ஐந்து போலீசாரைக் கொன்றுவிட்டு, அங்கிருந்த ஆயுதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் இருந்தது கும்பலின் கைக்குப் போயிற்று. செத்த அந்த ஐந்து பேரும் சம்பளத்துக்கு உழைத்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆக, தடை பயன்படுமா என்ற கேள்வியை நாம் இப்படிப் பிரித்துக் கேட்க வேண்டும்: எந்தத் துப்பாக்கி, எங்கிருந்து, யார் கைக்கு? மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகக் குழம்புவோம்.

ஆஸ்திரேலியாக்காரர்கள் என்ன செய்தார்கள்? போர்ட் ஆர்தர் படுகொலை நடந்து இரண்டு வாரத்துக்குள் எல்லா மாகாண சர்க்கார்களும் ஒப்பந்தத்துக்கு வந்தன. பாதி தானியங்கி ரைபிள்கள் தடை செய்யப்பட்டன. வெறும் தடையோடு நிற்கவில்லை. வீட்டில் வைத்திருந்தவர்களிடம் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை வாங்கி உருக்கினார்கள். அந்தப் பிரதம மந்திரி ஜான் ஹோவர்ட் ஒன்றும் நம் கட்சிக்காரர் அல்ல, முதலாளிகளுக்கு வேண்டிய மனிதர்தான். ஆனாலும் செய்தார். அதற்கு முந்திய பத்தாண்டில் மறுபடி மறுபடி நடந்த கூட்டக் கொலைகள் அதன்பிறகு மிக அரிதாகிவிட்டன. ஒழிந்துவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன். துப்பாக்கிச் சாவு அங்கே முன்பே குறைந்துகொண்டுதான் இருந்தது, சட்டத்தால் மட்டும் குறையவில்லை என்று கணக்குக் காட்டுகிறவர்களும் உண்டு. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் கொலைகாரனிடம் லைசென்ஸே கிடையாது. சட்டப்படி அவன் துப்பாக்கி வாங்கியிருக்கவே கூடாது. ஆனால் கடைகளில் அந்தச் சரக்கு இருந்தது, ஆகவே அவன் கைக்கு வந்தது. ரேஷன் கார்டு இல்லாதவனுக்குக் கடத்தல் அரிசி கிடைப்பது மாதிரி. நியூஸிலாந்தில் 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் தொழுகைக்கு வந்த 51 பேரைக் கொன்றவன் நேர்மாறு. அவனிடம் லைசென்ஸ் இருந்தது, கடையில் காசு கொடுத்து வாங்கினான். அன்று காலை வரையில் சட்டத்தின் கண்ணில் அவன் யோக்கியன். "குற்றவாளி" என்று நெற்றியில் எழுதிக்கொண்டு எவனும் பிறப்பதில்லை, தோழர்களே. நியூஸிலாந்து சர்க்கார் ஒரு மாதத்துக்குள் அந்த ரகத் துப்பாக்கிகளைத் தடை செய்து, திரும்ப வாங்கும் திட்டத்தையும் கொண்டு வந்தது.

அமெரிக்காவைப் பார்ப்போம். 1994-ல் அங்கேயும் ஒரு தடைச் சட்டம் போட்டார்கள். ஆனால் எப்படி? இனிமேல் செய்வதற்குத்தான் தடை. அதுவரை செய்து விற்றவற்றை வைத்துக்கொள்ளலாம், விற்றுக்கொள்ளலாம். பத்து வருஷக் கெடுவும் வைத்தார்கள். 2004-ல் கெடு முடிந்தது, சட்டமும் முடிந்தது. துப்பாக்கிக் கம்பெனிகள் பிடி போன்ற வெளி உறுப்புகளைக் கொஞ்சம் மாற்றி வேறு பெயரில் விற்றன. தண்ணீர் ஊற்றெடுக்கும் கிணற்றுக்குப் பாதி மூடி போட்டுவிட்டு, "மூடி போட்டும் பிள்ளை விழுந்துவிட்டதே" என்று கேட்பதா? இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் தினசரி நடக்கும் துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடப்பவை. ரைபிளை மட்டும் தடை செய்தால் தெருக்கொலை பெரிதாகக் குறையாது. கூட்டத்தில் புகுந்து பத்து இருபது பேரைக் கொல்வதுதான் கஷ்டமாகும். எந்த மருந்து எந்த நோய்க்கு என்பதைச் சொல்லாமல் விற்பவன் வைத்தியன் அல்ல.

ஜப்பானில் துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையானது. அங்கே 2022 ஜூலை 8 அன்று முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயை ஒருவன் சுட்டுக் கொன்றான். வீட்டில் குழாயை ஒட்டித் தானே செய்த துப்பாக்கி. "பார்த்தீர்களா, சட்டம் இருந்தும் நடந்துவிட்டது!" என்றார்கள். நடந்ததுதான். ஆனால் அவன் சுட்டது இரண்டே வெடி. செத்தது ஒருவர். அதே ஆத்திரத்தோடு அதே ஆள் கையில் 20 தோட்டா மேகசின் இருந்திருந்தால் அந்தத் தெருமுனையில் எத்தனை பேர் விழுந்திருப்பார்கள்? என் பதில் இவ்வளவுதான்: தடை கொலைகாரனை ஒழிக்காது, அவன் கையில் இருக்கும் எண்ணிக்கையைக் குறைக்கும்.

இப்போது நம் தேசத்துக்கு வருவோம். உங்களில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். இங்கே அந்தத் தடை ஏற்கெனவே இருக்கிறது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி முழுத் தானியங்கி துப்பாக்கியும், ராணுவத் தோட்டா போடும் ரைபிளும் தடை செய்யப்பட்டவை. 2016-ல் வந்த ஆயுத விதிகளும் பாதி தானியங்கி ரைபிளைச் சாதாரண லைசென்ஸ் வரிசையில் வைக்கவில்லை. கலெக்டர் கையெழுத்துப் போட்டு வாங்குகிற சமாசாரம் அல்ல அது. நம் ஜில்லாக்களில் ரவுடி வீச்சரிவாளையும் நாட்டு வெடிகுண்டையும் தூக்கிக்கொண்டு அலைகிறானே, அவனுக்கு ஏ.கே. 47 மேல் ஆசை இல்லாமலா? கிடைப்பதில்லை, தோழர்களே! அரிவாள் கொடியதுதான். அரிவாளால் செத்த பிள்ளையின் தாய்க்கு நான் ஆறுதல் சொல்ல முடியாது. ஆனால் அரிவாளோடு வருபவனிடமிருந்து ஓட முடியும், கூடி மடக்க முடியும்.

2016 கடைசியில் தேசம் பூராவும் இருந்த துப்பாக்கி லைசென்ஸ்கள் சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம் என்று மத்திய சர்க்கார் கணக்குச் சொல்லிற்று. அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். துப்பாக்கி வைத்திருந்தால்தான் குற்றம் குறையும் என்று வாதம் செய்கிறவர்களே, உத்தரப் பிரதேசத்து ஏழை நம்மைவிட நிம்மதியாகத் தூங்குகிறானா என்று கேட்டுச் சொல்லுங்கள்!

இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் நான் ஒரு நல்ல பத்திரிகைக்காரன். ஆனால் நாம் பாட்டாளிகள். சட்டத்தைப் பார்க்கும்போது அது யாரை நிராயுதபாணியாக்குகிறது என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். பாளையம் என்றாலே படை இறங்கிய இடம். ஒரு காலத்தில் இங்கே இருந்தவர்கள் ஈட்டியும் துப்பாக்கியும் வைத்திருந்தார்கள். பாளையக்காரர் போர் முடிந்து, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டுவிட்டு, 1801 டிசம்பர் 1 அன்று சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். தென்சீமையில் ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று. கோட்டைகள் இடிக்கப்பட்டன. பாளையம் ஜமீனாயிற்று. ஜமீன்தாருக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை, அவருக்காகக் கம்பெனியின் துப்பாக்கி இருந்தது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். அதைக் காந்தியடிகள் உட்படத் தேசிய இயக்கமே கண்டித்தது. 1931 கராச்சிக் காங்கிரஸ் தீர்மானத்தில் விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமைகூட எழுதப்பட்டது. சுதந்திரம் வந்த பிறகு அரசியல் நிர்ணய சபையில் அதை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் வந்தபோது டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. அவர் ஏற்காதது சரி என்பதே என் அபிப்பிராயம். சேரிக்காரனுக்கு ஒரு துப்பாக்கி கிடைக்கும் முன்னால் மேலத்தெருவில் நூறு துப்பாக்கி வந்திருக்கும். உரிமை எல்லோருக்கும் என்பார்கள், விலை காசுள்ளவனுக்குத்தானே!

கீழ்வெண்மணியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25. கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. பிடித்தது செங்கொடி. மிராசுதார்களும் அடியாட்களும் துப்பாக்கியோடு வந்தார்கள். சுட்டார்கள். சூடுபட்டவர்கள் சிதறி ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு குடிசைக்குள் ஒண்டினார்கள். 44 பேர் வெந்தார்கள். அந்தக் குடிசைக்குள் அவர்களை விரட்டியது எது? நெருப்பு பிறகு வந்தது. முதலில் வந்தது துப்பாக்கி. சென்னை ஹைகோர்ட்டு பிறகு மிராசுதார்களை விடுதலை செய்தது.

பீகாரில் 1994-ல் நிலப்பிரபுக்கள் ரன்வீர் சேனை என்று ஒரு படை கட்டினார்கள். 1996 ஜூலை 11 பதானி டோலாவில் 21 பேர். 1997 டிசம்பர் 1 லட்சுமண்பூர் பாதேயில் 58 பேர். எல்லோரும் கூலிக்காரக் குடும்பங்கள், பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். அந்தப் படையின் கையில் கள்ளத் துப்பாக்கி இருந்தது, சர்க்கார் லைசென்ஸ் கொடுத்த துப்பாக்கியும் இருந்தது. 2012-லும் 2013-லும் பாட்னா ஹைகோர்ட்டு இந்த இரண்டு வழக்கிலும் தண்டனை பெற்றவர்களை விடுவித்துவிட்டது. "குற்றவாளியின் கைக்குத் துப்பாக்கி போவதைத் தடுக்க வேண்டும்" என்று எல்லோரும் சொல்கிறார்களே, இங்கே குற்றவாளி யார்? சொத்து உள்ளவன், வரி கட்டுகிறவன், தாசில்தார் வந்தால் நாற்காலி போடுகிறவன். நன்னடத்தைச் சான்றிதழ் அவனுக்குத்தான் முதலில் கிடைக்கும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. அறுப்புக் கூலி கேட்டுப் பெண்கள் வாசலில் நின்றார்கள். என் தாயாரும் நின்றார். பண்ணைக்காரர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்து திண்ணையில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டு, ஒரு துணியால் நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை. பெண்கள் கலைந்து போனார்கள். கூலி ஒரு மரக்கால் குறைந்தே நின்றது. அந்தத் துப்பாக்கி எந்தப் போலீஸ் கணக்கிலும் குற்றம் செய்த துப்பாக்கி அல்ல.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லையா? இருக்கிறது! அதைத்தான் நீங்கள் இன்று வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. அதற்கு 1995-ல் விதிகள் வகுத்தார்கள். மூன்றாம் விதியைப் படித்துப் பாருங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று கண்ட இடத்தில், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்து, ஆயுதத்தைச் சர்க்கார் கிடங்கில் வைக்கச் சொல்கிறது. கள்ளத் துப்பாக்கியைக் கைப்பற்றச் சொல்கிறது. தேவைப்பட்டால் தாழ்த்தப்பட்டோருக்கே லைசென்ஸ் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. எத்தனை கலெக்டர் ஆபீசில் இந்த விதிப் புத்தகத்தின் மேல் தூசி தட்டியிருக்கிறார்கள்?

தேர்தல் வந்தால் என்ன செய்கிறார்கள்? லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போடுகிறார்கள். ஏன்? லைசென்ஸ் துப்பாக்கியும் ஜனங்களை மிரட்டும் என்பது சர்க்காருக்கே தெரியும். ஓட்டுப் போடுகிறவனை மிரட்டக்கூடாது. நல்லது. கூலி கேட்கிறவளை மட்டும் மிரட்டலாமா? ஆயுதச் சட்டத்தின் 17-ம் பிரிவு பொது அமைதிக்காக லைசென்ஸை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அதிகாரம் கொடுக்கிறது. கூலிப் போராட்டம் நடக்கும் ஊரில், ஜாதிச் சண்டை மூளும் ஊரில், அந்தப் பிரிவைப் பயன்படுத்து என்று நாம் கேட்க வேண்டும். 2019 திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது. முதலில் ஒன்று என்றுதான் மசோதா வந்தது, எதிர்ப்புக் கிளம்பி இரண்டாயிற்று. அந்த இரண்டாவது துப்பாக்கி எதற்கு? ஒரு மனிதனுக்கு இரண்டு தோள் இருப்பதாலா?

சர்க்கார் கையில் உள்ள துப்பாக்கியையும் விட்டுவிட முடியாது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் காற்றும் தண்ணீரும் கெட்டுப்போகிறது என்று ஊர்வலம் போன ஜனங்களில் 13 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அருணா ஜெகதீசன் கமிஷன் போலீசார் மீது தவறு கண்டது. எந்தத் தடைச் சட்டமும் இந்தத் துப்பாக்கியைத் தொடுவதில்லை. ஜனங்களிடமிருந்து துப்பாக்கியை வாங்கு என்று சொல்லும்போதே, சுடு என்று உத்தரவிட்டவன் பதில் சொல்ல வேண்டும் என்றும் நாம் சொல்கிறோம். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்கிறவன் பாதிதான் பேசுகிறான்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. "அவன் வைத்திருக்கிறான், நாமும் ஒரு நாட்டுத் துப்பாக்கி வாங்கி வைத்தால் என்ன?" என்று ஒரு பையன் என்னிடம் காதோடு காதாகக் கேட்டான். தம்பி, பண்ணைக்காரரின் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், ஜாமீன் இருக்கிறது. உன் துப்பாக்கிக்கு இருப்பது ஜெயில் மட்டும்தான். உன்னைப் பிடிப்பதோடு உன் சங்கத்தையும் பிடித்துப் போவார்கள். அந்தப் பண்ணை வாசலில் பெண்கள் பத்துப் பேராக நின்றார்கள், கலைந்தார்கள். பின்னால் சங்கம் வந்து இருநூறு பேராக நின்றபோது திண்ணையில் துப்பாக்கி வரவில்லை. இருநூறு பேரைப் பார்த்துத் துடைக்க அவருக்குத் துணி போதவில்லை போலிருக்கிறது!

மூன்றாவது வரிசையில் கை தூக்கியிருக்கும் பெரியவர் என்ன கேட்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். காட்டுப் பன்றி. கடலையையும் சோளத்தையும் ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகிறது, துப்பாக்கி இல்லாமல் என்ன செய்வது என்பார். நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து நாசம் செய்யும் பன்றியை வனத்துறை ஆட்கள் சுடலாம் என்று. சுடுவது அவர்கள் பொறுப்பு. அதைச் செய்ய வைப்பதும் பயிர் நஷ்ட ஈடு வாங்குவதும் நம் சங்கத்தின் வேலை. பன்றிக்கென்று அவுட்டுக்காய் வைத்து, அதை மாடு கடித்து வாய் கிழிந்ததையும், மனிதர் கை போனதையும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அது வேண்டாம், ஐயா.

சிமெண்ட் ஆலைத் தோழர் இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர் முகத்தில் தெரிகிறது. பரவாயில்லை, அவர் சொன்ன பாதியை நான் எடுத்துக்கொண்டேன். கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்க்காமல் தடை மட்டும் போட்டால் பயனில்லை என்பது அவர் பாதி. தீர்மானத்தின் இரண்டாம் பாராவில் அதைச் சேர்த்திருக்கிறோம்: போலீஸ், ராணுவ ஆயுதக் கிடங்குகளின் கணக்கை வருஷா வருஷம் தணிக்கை செய்து வெளியிட வேண்டும் என்று. முதல் பாரா, கூலித் தகராறும் ஜாதித் தகராறும் உள்ள கிராமங்களில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்க வைக்க வேண்டும் என்பது. மூன்றாவது, லைசென்ஸ் கொடுக்கும் முன் போலீஸ் ரிப்போர்ட்டு மட்டும் போதாது, கிராம சபையிலும் விவசாயத் தொழிலாளரிடமும் விசாரிக்க வேண்டும் என்பது. செயலாளர் தோழர் இப்போது தீர்மானத்தை வாசிப்பார். திருத்தம் இருந்தால் அவரிடம் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் எழுந்து நின்று சொல்லுங்கள், அவர் எழுதிக்கொள்வார். திங்கட்கிழமை மனு நாளன்று அரியலூர் கலெக்டர் ஆபீசுக்கு யார் யார் வருகிறீர்கள் என்று பெயரையும் கொடுத்துவிடுங்கள். பஸ் சத்தத்துக்கு ஆலைத் தோழர்கள் வசூல் செய்கிறார்கள்.